ஒரு மேசை, இரண்டு நாற்காலி: நம் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செயற்குழு அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம்.

போன தீபாவளி விழாவுக்கு அரங்க வாசலில் ஒரு மேசை போட்டுக்கொள்ளட்டுமா என்று உங்களிடம் கேட்டிருந்தேன். ஆறடி மேசை ஒன்று, நாற்காலி இரண்டு. குடியுரிமை வாங்கி வருடக்கணக்கில் ஆகியும் வாக்காளராகப் பெயர் பதியாத நம் பெண்களைப் பிடித்து உட்கார வைத்துப் பதிய வைப்பது திட்டம். "அரசியல் வேண்டாமேம்மா, நாளைக்கு ஏதாவது பிரச்சினை ஆகும்" என்று பதில் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். விழாவன்று போய்ப் பார்த்தால், நான் கேட்ட அதே இடத்தில் வீட்டுக் கடன் விற்பவர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் பேனா கொடுத்தார். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். இந்த மடலுக்குக் குறிப்பு எடுத்தது அந்தப் பேனாவால்தான். நன்றாகவே எழுதுகிறது.

அக்டோபரில் சங்கம் கொலு வைக்கிறது. அதே மேசையை மறுபடியும் கேட்கிறேன். வெறுங்கையோடு வந்தால் பழைய பதிலே கிடைக்கும் என்பதால் இந்தத் தடவை கொஞ்சம் படித்துவிட்டு வந்திருக்கிறேன். படித்ததெல்லாம் நாம் குடியிருக்கிற இந்தக் கலிஃபோர்னியாவில் பெண்கள் ஓட்டு வாங்கிய கதை. பார்ட் ரயிலில் தூங்கிக்கொண்டே கடக்கிறோமே அந்த ஓக்லண்ட், ஊரிலிருந்து மாமியார் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறோமே அந்த யூனியன் சதுக்கம், அங்கெல்லாம் நடந்தது.

1911 அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை. கலிஃபோர்னியாவின் ஆண்கள் ஓட்டுப் போடப் போனார்கள். மாநில அரசியலமைப்பில் 23 திருத்தங்களுக்குச் சம்மதமா என்று அன்று ஒரேயடியாகக் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்று, பெண்களுக்கு ஓட்டு. பெண்ணுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் தேர்தலில் பெண்ணுக்கு ஓட்டு இல்லை! ஆகவே அந்தப் பிரச்சாரம் மொத்தமும் ஒரே வேலைதான், ஆண்களிடம் போய்க் கேட்பது. கணவனிடம், கடைக்காரரிடம், பண்ணைக்காரரிடம், தொழிற்சங்கத்துக்காரரிடம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம் செய்பவரிடம்.

ஒரு தடவை கேட்டுத் தோற்றிருந்தார்கள். 1896 நவம்பரில் இதே கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான சூசன் பி. அந்தோனி 76 வயதில் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கி ஊர் ஊராகப் பேசினார். தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது சான் பிரான்சிஸ்கோவில் மது வியாபாரிகள் கூடினார்கள். சாராயக்கடை, ஓட்டல், மளிகைக்கடை என்று எல்லா முதலாளிகளுக்கும் கடிதம் போனது. இந்தத் திருத்தத்துக்கு எதிராக ஓட்டுப் போடுவது உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது என்பது அதன் சாரம். பெண்கள் கையில் ஓட்டு வந்தால் கடையை மூட வேண்டியிருக்கும் என்ற பயம். ஆதரவாக 1,10,355, எதிராக 1,37,099. மாநிலத்தின் மற்ற பகுதிகளில் தேறியதையெல்லாம் சான் பிரான்சிஸ்கோவும் ஓக்லண்டும் சேர்ந்து அமுக்கிவிட்டன. பெரிய நகரம் என்றால் முற்போக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் 15 வருடம். அந்தோனி அம்மையார் 1906 மார்ச்சில் கண்ணை மூடினார். அடுத்த மாதமே நிலநடுக்கமும் தீயும் சான் பிரான்சிஸ்கோவைத் தரைமட்டமாக்கின. ஊரைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் இந்தப் பெண்களும் தங்கள் இயக்கத்தைத் திருப்பிக் கட்டினார்கள். 1908 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் மாநில மாநாடு ஓக்லண்டில் நடந்தபோது, சுமார் 300 பெண்கள் கொடி பிடித்துத் தெருவில் ஊர்வலமாகப் போய்க் கோரிக்கை வைத்தார்கள். தெருவில் இறங்கிப் பெண்கள் ஊர்வலம் போவது மரியாதைக் குறைவு என்று கருதிய காலம். கட்சி கேட்கவில்லை. ஊர்வலம் போனது போனதுதான்.

அவர்களுக்குள் சண்டையும் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கே நம்பிக்கை வராது, நாமும் சங்கம் நடத்துகிறவர்கள்தானே. 1907-இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது உழைக்கும் பெண்கள் டிராமில் ஏறாமல் நடந்தே போனார்கள். வசதியான வீட்டுப் பெண்கள் ஏறிப் போனார்கள். கசப்பு முற்றி, ஓட்டலில் பரிமாறும் பரிசாரகப் பெண்களின் சங்கத்தைச் சேர்ந்த லூயிஸ் லாரூவும் மற்றவர்களும் பிரிந்து போய் உழைக்கும் பெண்களுக்கென்று தனி வாக்குரிமைக் கழகம் தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டவர் மாட் யங்கர். சான் பிரான்சிஸ்கோவின் பணக்காரக் குடும்பத்துப் பெண். ஓட்டலில் தட்டு ஏந்திப் பரிமாறும் வேலையைத் தானே செய்து பார்த்து, அந்தப் பெண்களுக்குத் தொழிற்சங்கம் கட்ட உதவியவர். "கோடீஸ்வரப் பரிசாரகி" என்று பத்திரிகைகள் பட்டப்பெயர் வைத்தன. 1911 தொழிலாளர் தின ஊர்வலத்தில் இந்தக் கழகத்தின் அலங்கார வண்டிக்குக் குதிரைகளை ஓட்டியவரும் அவரே. தொழிற்சங்க ஆண்களிடம் ஓட்டுக் கேட்கத் தொழிற்சங்கப் பெண்கள் போனார்கள். பட்டுக் கையுறை போட்டவர்கள் போயிருந்தால் கதவு திறந்திருக்காது என்பது என் எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்தது சாப்பாட்டு விஷயம். செலினா சாலமன்ஸ் என்பவரும் தோழிகளும் சான் பிரான்சிஸ்கோவில், யூனியன் சதுக்கத்துப் பக்கம், ஒரு மன்றம் திறந்தார்கள். கூடவே மலிவு விலையில் மதியச் சாப்பாடு. துணிக்கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிற பெண்கள் மதியம் வந்து உட்கார்ந்து வீட்டுச் சாப்பாடு மாதிரி சாப்பிட்டுப் போகலாம். சாப்பிடும் மேசையிலேயே துண்டுப் பிரசுரம். பக்கத்து நாற்காலியில் பேசுவதற்கு ஆள். அவ்வளவுதான் ஏற்பாடு. சாப்பாடு போட்டுப் பேசுவதை நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா, சொல்லுங்கள். தேயிலையைக் கூட விடவில்லை. "சமத்துவத் தேயிலை" என்று பொட்டலம் போட்டு விற்றார்கள். வாங்குகிறவர் வீட்டில் கொள்கை தானாகவே அடுப்பேறிவிடும்.

அவர்களுடைய நிறம் மஞ்சள். பொன்னிற மஞ்சளில் சுவரொட்டி அடித்து சான் பிரான்சிஸ்கோ கடைக் கண்ணாடிகளில் மாட்டினார்கள். மஞ்சள் உடுத்திய பெண் ஒருத்தி, பின்னால் வளைகுடா வாயிலில் இறங்குகிற சூரியன் அவள் தலையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி நிற்கும். நம் வீட்டுக் கொலுவின் மேல்படியில் அவளை வைத்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

பெரிய நகரத்தை நம்பி ஒரு தடவை ஏமாந்தவர்கள் இந்த முறை கிராமப்புறத்துக்குப் போனார்கள். கல்லூரிப் பெண்களின் கழகம் ஒரு காரை எடுத்துக்கொண்டு, வழியில் நிறுத்தி நிறுத்தி, காரிலேயே நின்று பேசியது. காரைப் பார்க்கக் கூட்டம் கூடும், கூடிய கூட்டத்திடம் பேச்சு. அங்கே தெற்கில், லாஸ் ஏஞ்சலஸில் மரியா தெ லோபெஸ் என்ற ஆசிரியை, பிளாசா சதுக்கத்துக் கூட்டத்தில் ஸ்பானிய மொழியில் பேசினார். அந்தப் பகுதியின் ஸ்பானிய மொழிக்காரர்களிடம் அவர்கள் மொழியிலேயே போய்க் கேட்டால்தான் கேட்டதாக ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த வரியை எழுதும்போது நான் நம் சங்கத்தை நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கீழே வருகிறது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. மெண்டசினோ பக்கத்து மாநில செனட்டர் ஜே. பி. சான்ஃபர்டு எழுதிய எதிர்வாதம் அச்சாகி ஊரெங்கும் போனது. ஓட்டு என்பது உரிமை அல்ல, கொடுத்து வைக்கும் சலுகை. பெண்ணுக்கு இடம் வீடு. அரசியலுக்கு வந்தால் அவள் மேல் ஆணுக்கு உள்ள மரியாதை போய்விடும் என்ற தொனி. அந்தக் காலத்து எதிர்ப்பாளர்கள் அடிக்கடி சொன்ன இன்னொன்றும் உண்டு. கல்யாணமான பெண்ணுக்கு ஓட்டுக் கொடுப்பது வீண் வேலை, அவள் கணவன் சொன்னபடிதான் போடப்போகிறாள், ஆணுக்கு இரண்டு ஓட்டு ஆகும், அவ்வளவுதான் என்றார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

தேர்தல் முடிந்த இரவு சான் பிரான்சிஸ்கோ கைவிட்டுவிட்டது. ஓக்லண்டும் எதிர்ப்பு. மறுநாள் காலை அங்கிருந்த பத்திரிகைகள் தோல்வி என்று எழுதிவிட்டன. பெண்களுக்கு 1896 ஞாபகம் வந்திருக்கும். ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை. ஓட்டு எண்ணிக்கையில் யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று தனியார் துப்பறிவாளர்களைக் கூலிக்கு அமர்த்தி இரவு பகலாகக் காவல் போட்டார்கள். தூரத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் கணக்கு மெதுவாக வந்து சேர்ந்தது. ஆயிரமாக அல்ல, பத்தும் இருபதுமாக. கடைசிக் கணக்கு: ஆதரவு 1,25,037, எதிர்ப்பு 1,21,450. வித்தியாசம் 3,587.

வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சாவடிக்குச் சராசரி ஒரு ஓட்டு.

இந்த ஒரு ஓட்டைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு சாவடியிலும் யாரோ ஓர் ஆண். காலையில் தாடியைத் தடவிக்கொண்டு, போடலாமா வேண்டாமா என்று நின்றவர். அவரிடம் யாரோ பேசியிருக்கிறார்கள். மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டே சொல்லியிருக்கலாம். மகள் கடையிலிருந்து கொண்டுவந்த துண்டுச் சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பண்ணை வாசலில் கார் நின்ற அன்று அவர் களத்து வேலையை நிறுத்திவிட்டு வந்து கேட்டிருக்கலாம். கேட்க ஆள் வந்திராவிட்டால் அவர் பழக்கத்துக்கு "இல்லை" என்று போட்டுவிட்டுப் போயிருப்பார், நாம் இந்தக் கதையே பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஒரே மாதத்தில், நவம்பர் 8 அன்று, ஓக்லண்டில் கிளாரா எலிசபெத் சான் லீ, எம்மா டாம் லியுங் என்ற இரண்டு சீன அமெரிக்கப் பெண்கள் கணவன்மாரோடு போய் வாக்காளராகப் பதிந்தார்கள். நாட்டிலேயே அப்படிப் பதிந்த முதல் சீன அமெரிக்கப் பெண்கள் என்று அவர்களைச் சொல்கிறார்கள். சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் குடியுரிமையே வாங்க முடியாதபடி 1882-இல் வந்த சட்டம் அப்போது அமலில் இருந்தது. இங்கே பிறந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருந்தது. திறந்திருந்த கதவுக்குள் அவர்கள் தாமதிக்காமல் நுழைந்தார்கள்.

இந்தப் பிரச்சாரத்தை நான் பூஜையறையில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. அதில் இருந்தவர்களில் பலர், படிப்பறிவில்லாத அந்நிய ஆணுக்கு ஓட்டு இருக்கும்போது எங்களுக்கு ஏன் இல்லை என்ற தோரணையில் வாதாடியவர்கள். அந்த அந்நியர் பட்டியலில் நாமும் அடக்கம்தான். வென்ற பிறகும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. எத்தல் மெக்கன்சி என்ற பெண், கலிஃபோர்னியாவிலேயே பிறந்தவர், இந்த ஓட்டுக்காகப் பிரச்சாரம் செய்தவர். 1913-இல் சான் பிரான்சிஸ்கோவில் பெயர் பதியப் போனபோது முடியாது என்றார்கள். அவர் கல்யாணம் செய்தது ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரை. அந்நியரைக் கட்டிய பெண்ணுக்குக் கணவனின் குடியுரிமைதான் என்று 1907-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொன்னது. வழக்குப் போட்டார். 1915-இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. வாங்கிக் கொடுத்தவருக்கே ஓட்டு இல்லை.

நம்மவர் கணக்கு இன்னும் மோசம். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர் அல்லர், ஆகவே இங்கே குடிமகன் ஆக முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அது மாற 1946 வரை ஆனது. இதற்கு எதிர்ப்புறத்தில் நம்ம சென்னையைப் பாருங்கள். அடையாற்றில் 1917 மே மாதம் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அந்த டிசம்பரில் இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய் ஓட்டுக் கேட்டார்கள். லண்டனில் இருந்தவர்கள் முடிவெடுக்காமல் மாகாணங்கள் தலையில் கட்டினார்கள். 1921 ஏப்ரல் 1 அன்று சென்னைச் சட்டமன்றம்தான் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சம்மதம் சொன்னது. சொத்துள்ள பெண்களுக்கு மட்டும்தான், அதுவும் சொற்பம் பேர். இருந்தாலும் 1923-இல் மயிலாப்பூரில் வீடும் மனையும் உள்ள ஒரு பாட்டி ஓட்டுப் போட முடியும், இங்கே கலிஃபோர்னியாவில் பழத்தோட்டத்தில் வேலை செய்த இந்தியர் ஒருவர் குடிமகனாகக்கூட ஆக முடியாது.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன். என் வீட்டுக்கே.

நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகு வந்த என் முதல் தேர்தல். ஓட்டுச் சீட்டு தபாலில் வந்தது. இப்போது மாநிலம் முழுக்கப் பதிந்த வாக்காளர் எல்லாருக்குமே அக்டோபர் தொடக்கத்தில் வந்துவிடுகிறது, உங்களுக்குத் தெரியும். கூடவே தடியாக ஒரு கையேடு. எங்கள் வீட்டில் இரண்டு உறை. சமையல் மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் ஒரு வாரம் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "உன்னோடதையும் நானே குறிச்சிடறேன், நீ கையெழுத்து மட்டும் போட்டுடு" என்றார். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன். கடுகு தீய்ந்துவிடுமே என்ற கவலைதான் எனக்கு அப்போது. யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளி வாரியத்துக்கு நின்றவர்களில் யாரைத் தேர்ந்தெடுத்தேன் என்றும் தெரியாது. என் மகள் அந்தப் பள்ளியில்தான் படித்தாள், பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் போனவள் நான்தான்.

அவர் கெட்டவர் அல்ல. உதவி என்றுதான் நினைத்தார், நானும் உதவி என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடுத்த தேர்தலும் அப்படியே போனது. பிறகு ஒருநாள், 1911 எதிர்ப்பாளர்களின் அந்த வாதத்தைப் படித்தேன். கல்யாணமான பெண்ணின் ஓட்டு கணவனின் இரண்டாவது ஓட்டு. நூறு வருடம் கழித்து அவர்கள் சொன்னதை என் சமையல் மேடையில் நானே நிரூபித்துக்கொண்டிருக்கிறேன்! அன்றைக்கு வந்த கோபம் யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும்தான் என்றால் மடல் எழுதியிருக்க மாட்டேன். சிற்றுண்டி வரிசையில், நடன வகுப்பு வாசலில், கார் நிறுத்துமிடத்தில் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்." "எனக்கு அந்தக் கையேடு புரியலை." "பதிஞ்சேனா இல்லையான்னே ஞாபகம் இல்லை." ஒரு அக்காவுக்கு வேறு சிக்கல். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஓட்டு உறையில் ஆசையாகத் தமிழில் போட்டுவிட்டார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. திருத்திக்கொடுக்க வழி இருக்கிறது, கடிதத்திலேயே எழுதியிருக்கிறது. அவர் பயந்துபோய் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். இன்னொரு தங்கைக்குப் பெயரே தடை. அப்பா பெயர் முன்னெழுத்தா, கணவர் பெயர் கடைசிப் பெயரா, கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, உரிமத்தில் வேறு மாதிரி. எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் படிவத்தை மூடிவிட்டாள். இதைக் கேட்டபோது இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் ஞாபகம் வந்தது. வடமாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் "இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள்" என்றே கொடுத்ததால், சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள். எங்கே போனாலும் நம்மைத் துரத்துவது இந்தப் பெயர்தான்.

இதற்கெல்லாம் தேவை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஓர் ஆள். வேறொன்றும் இல்லை. இணையத்திலேயே பதியலாமே என்று செயற்குழுவில் ஒருவர் போன தடவை சொன்னார். பதியலாம், பத்து நிமிடம்கூட ஆகாது. பத்து வருடமாகப் பதியாமல் இருப்பவரை அந்தப் பத்து நிமிடத்துக்கு உட்கார வைப்பதுதான் வேலை.

இனி உங்கள் "அரசியல்" பயத்துக்கு வருகிறேன். நியாயமான பயம், சங்கத்தின் வரிவிலக்குத் தகுதிக்குப் பங்கம் வரக் கூடாது. வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் எந்த வேட்பாளரையும் கட்சியையும் ஆதரிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். கட்சி சாராமல் வாக்காளர் பதிவுக்கு உதவுவதற்குத் தடை இல்லை. எங்கள் மேசையில் கட்சிக் கொடி, சின்னம், தொப்பி, சட்டை எதுவும் இருக்காது. படிவத்தில் கட்சி விருப்பம் கேட்கும் இடத்தில் எந்தக் கட்சியும் இல்லை என்று குறிக்கலாம் என்பதையும் சொல்லித்தான் கொடுப்போம். யாருக்குப் போடுவது என்று கேட்டால் சுண்டல் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

கிரீன் கார்டில் இருப்பவர்கள், எச்1பி விசாவில் இருப்பவர்கள் தெரியாமல் பதிந்துவிட்டால் பின்னால் குடியுரிமைக்கே ஆபத்து. ஆகவே மேசையில் முதலில் இருக்கப்போவது பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: குடியுரிமை உறுதிமொழி எடுத்தவர்கள் மட்டும். முதல் கேள்வியும் அதுதான். படிவங்களை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ளப் போவதில்லை, அவரவர் கைபேசியில் அவரவரே பதிவார்கள். ஓட்டுநர் உரிம எண், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இரண்டும் கையில் இருந்தால் போதும் என்று அழைப்பிதழிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். அந்த எண்களை நாங்கள் எட்டிப் பார்க்க மாட்டோம்.

ஏன் கொலு என்றால், ஒன்று, பெண்கள் பெண்களைப் பார்க்கவென்றே வருகிற விழா நமக்கு அது ஒன்றுதான். தீபாவளி விழாவில் ஒலிபெருக்கி இரைச்சலில் ஒரு வார்த்தை பேச முடியாது. இரண்டு, தேர்தல் நவம்பர் முதல் வாரம். தேர்தலுக்கு 15 நாள் முன்பு வரை வழக்கம்போலப் பதியலாம், கொலு அதற்குள் வந்துவிடுகிறது. ஓட்டு உறைகளும் அந்த நாட்களில்தான் வீடு வந்து சேருகின்றன. பதிந்தவர்களுக்கும் மேசையில் வேலை இருக்கிறது. உறையை எப்படிப் பிரிப்பது, கையெழுத்தை எந்த மொழியில் போடுவது, கையேட்டில் எந்தப் பக்கம் சுருக்கம் இருக்கிறது, இதெல்லாம். கணவருக்குத் தெரியாமல் செய்யச் சொல்லி யாரையும் தூண்டப் போவதில்லை. உங்கள் சீட்டை நீங்களே குறியுங்கள் என்று மட்டும் சொல்வோம். அதைச் சொல்லும்போது என் ரசக் கதையையும் சொல்வேன்.

இந்த மடலைப் படிக்கிற மற்ற உறுப்பினர்களே, நீங்கள் இதை ஆதரித்தால் செயற்குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நீளமாக வேண்டாம், "மேசைக்குச் சரி" என்றால் போதும். ஆண்களும் எழுதலாம், 1911-இல் சம்மதம் சொன்னதும் அவர்கள்தான். மேசையில் ஒரு மணி நேரம் உட்கார முன்வருகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள். இதுவரை ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். அதில் ஒருவர் என் கணவர். நாற்காலி தூக்க வருகிறாராம், பேச வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

மேசை என் வீட்டு கராஜில் இருக்கிறது, நானே கொண்டுவருகிறேன். நாற்காலி இரண்டும் சங்கத்துடையது வேண்டும். இடம் செருப்பு விடும் இடத்துக்கும் சிற்றுண்டி வரிசைக்கும் நடுவில் இருந்தால் நல்லது, அங்கேதான் எல்லாரும் காத்து நிற்பார்கள். செப்டம்பர் செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு பதில் சொன்னால் அறிவிப்பு அச்சடிக்க எனக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களில் ஒருத்தி

பி.கு.: பேனா நாங்களும் கொடுப்போம். மஞ்சள் நிறத்தில் சொல்லியிருக்கிறேன்.